வென்டிலேட்டரில் இருப்பவரைக் குப்புறப் படுக்க வைப்பது கடைசி முயற்சியா?

இல்லை. நான் ஐசியூ நர்ஸ். கொரோனா சமயத்தில் பல குடும்பங்கள் இதே பயத்தோடு என்னிடம் கேட்டிருக்கின்றன: "கைவிட்டுட்டாங்களா சிஸ்டர்?" கைவிட்ட நோயாளிக்கு யாரும் இவ்வளவு பாடுபட மாட்டார்கள்.

கடுமையான வைரஸ் நிமோனியாவில் நுரையீரல் நீர் கோத்துக் கனத்துப் போகிறது. மல்லாந்து படுத்திருந்தால் அந்தக் கனமும் இதயத்தின் எடையும் சேர்ந்து முதுகுப் பக்கத்துக் காற்றறைகளை அழுத்தி மூடிவிடும். நுரையீரலின் பெரும்பகுதி இருப்பதே முதுகுப் பக்கம்தான். ரத்தமும் அங்கேதான் அதிகம் ஓடுகிறது, ஆனால் காற்று போய்ச் சேர்வதில்லை. மெஷின் தள்ளும் காற்றெல்லாம் முன்பக்கம் திறந்திருக்கும் கொஞ்ச இடத்துக்குள் புகுந்து, நன்றாக இருக்கும் பகுதியையும் அளவுக்கு மீறி விரித்துக் காயப்படுத்தும். குப்புறப் போட்டால் மூடிய அறைகள் திறக்கின்றன, காற்று ஓரளவு சமமாகப் பரவுகிறது.

எவ்வளவு நேரம் என்பதுதான் இதில் முக்கியம். தினமும் சில மணி நேரம் மட்டும் குப்புறப் போட்டுப் பார்த்த ஆரம்பகால ஆய்வுகளில் இறப்பு குறையவில்லை. 2013-இல் வெளிவந்த, பெரும்பாலும் பிரான்ஸ் ஐசியூக்களில் 466 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு தடவைக்குக் குறைந்தது 16 மணி நேரம் வைத்தார்கள். மல்லாந்தே இருந்தவர்களில் 28 நாளுக்குள் 32.8 சதவீதம் பேர் இறந்தார்கள்; குப்புறப் போட்டவர்களில் 16 சதவீதம் பேர்தான். ஆக்சிஜன் அளவு பெரிதாக ஏறாதவர்களுக்கும் பலன் இருந்ததாகப் பிறகு செய்த அலசல் காட்டியது. அதனால் மானிட்டர் எண்ணை மட்டும் பார்த்து மனம் தளராதீர்கள்.

திருப்புவது லேசான வேலை இல்லை. நாலைந்து பேர் வேண்டும். தலைமாட்டில் நிற்பவர் ட்யூபைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார், அவர் சொன்னால்தான் அசைப்போம். நோயாளி மயக்க மருந்தில் இருப்பார். கண்ணுக்குக் களிம்பு போட்டு மூடுவோம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை தலையை மறுபக்கம் திருப்புவோம், இல்லையென்றால் கன்னத்திலும் நெற்றியிலும் புண் வந்துவிடும். முதுகெலும்பு முறிந்து நிலையில்லாமல் இருப்பவர்களைப் போன்ற சிலருக்கு இதைச் செய்ய மாட்டோம்.

அப்புறம், பார்க்கப் போகும்போது முகம் வீங்கியிருக்கும். என் அனுபவத்தில் உறவினர்கள் உடைந்துபோவது அதைப் பார்த்துத்தான். குப்புறப் படுத்திருப்பதால் வரும் வீக்கம் அது. மல்லாந்து படுக்க வைத்தபின் மெல்ல வடிந்துவிடும். டாக்டரிடம் பேசும்போது, ஒரு தடவைக்கு எத்தனை மணி நேரம் வைக்கிறார்கள், திரும்ப மல்லாத்தியபின் ஆக்சிஜன் தேவை குறைகிறதா என்று கேளுங்கள்.