டர்பன் தோட்டத்து சைகஸ் கன்றை ஊருக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: மகள் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் இருக்கிறாள். அடுத்த மாதம் போகிறேன். அங்குள்ள தாவரவியல் தோட்டத்தில் உலகிலேயே அரிதான சைகஸ் மரம் இருக்கிறதாமே! விதையோ கன்றோ கிடைத்தால் கோவை வீட்டில் வைக்க ஆசை. பேப்பர் வேலையெல்லாம் தானே பார்த்துக்கொள்வதாக ஒருவர் மகளிடம் சொல்லியிருக்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த ஆளுக்கு முன்பணமும் கொடுத்துவிடாதீர்கள்.

நீங்கள் சைகஸ் என்று சொல்லும் மரம் என்செபலார்டஸ் வுடியை. சரியாகச் சொன்னால் அது சைகஸ் அல்ல, சைகஸும் அடங்கும் சைகாட் என்ற தாவர வகையைச் சேர்ந்தது. அந்தத் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த ஜான் மெட்லி வுட், 1895-ல் ஓங்கோயே காட்டில் அதைக் கண்டார். இருந்தது ஒரே ஒரு தூறு, அதுவும் ஆண். சைகாட்களில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரத்தை இத்தனை ஆண்டுகள் தேடியும் கிடைக்கவில்லை. இன்று உலகில் இருப்பவை எல்லாம் அந்தத் தூறின் பக்கக் கன்றுகளிலிருந்து பெருக்கியவைதான். பெண்ணே இல்லாதபோது விதை எங்கிருந்து வரும்? 'வுடியை விதை' என்று யார் நீட்டினாலும் அது வேறு ஏதோ. நட்டாலென்சிஸ் என்ற நெருங்கிய இனத்தோடு சேர்த்து எடுத்த கலப்பு விதைகள் உண்டு. அவற்றையும் இதே பெயரில் விற்றுவிடுவார்கள். சின்னக் கன்றாக இருக்கும்போது பார்த்து அடித்துச் சொல்வது தாவர ஆய்வு செய்யும் எங்களுக்கே கஷ்டம்.

அடுத்து சட்டம். என்செபலார்டஸ் இனங்கள் அத்தனையும், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களை நாடுவிட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில், மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கின்றன. விதை, இலை, கன்று எல்லாமே அதில் அடங்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் காட்டித்தான் இந்தப் புரோக்கர்கள் ஆளைப் பிடிக்கிறார்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நர்சரியில் விதைபோட்டு வளர்த்த கன்றுக்கு விதி சற்றுத் தளர்வு. ஆனால் அது நர்சரிக் கன்றுதான் என்று அந்த நாட்டு அரசு அதிகாரி சான்று தர வேண்டும். விற்பவர் லெட்டர்பேடில் எழுதித் தருவது செல்லாது. சான்றில் தாவரவியல் பெயரும் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். சான்று கிடைத்தாலும் அது ஏற்றுமதிக்கு மட்டும்தான். இந்தியாவுக்குள் வர இறக்குமதி அனுமதியை இங்கே முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். செடியில் நோயோ பூச்சியோ இல்லை என்று காட்டும் தாவர சுகாதாரச் சான்றிதழ் தனி. வேரில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. இந்தியப் பக்கத்து அனுமதியைப் பற்றி அந்த ஆள் வாய் திறந்தாரா என்று மகளிடம் கேளுங்கள். திறந்திருக்க மாட்டார். விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வது நீங்கள், அவரல்ல.

இங்கே அனுமதி வாங்குவதும் லேசு இல்லை. ஆய்வுக்கு விதை வரவழைக்க நான் அலைந்தபோது ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது, அந்த இன்னொன்று திரும்ப முதல் அலுவலகத்துக்கே அனுப்பியது. நேர்வழியில் போகிறவனை இப்படி இழுத்தடித்தால் புரோக்கர் பிழைக்காமல் என்ன செய்வான்?

சைகஸ் ஆசைக்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சைகஸ் சர்சினாலிஸ் இருக்கிறது. நாட்டு மருந்துக்கடையில் மதனகாமப்பூ என்று கொடுப்பது இதன் ஆண் கூம்புதான். காட்டிலிருந்து பிடுங்கியதை வாங்காதீர்கள், விதைபோட்டு வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். விதை நஞ்சு. வீட்டில் குழந்தையோ நாயோ இருந்தால் கவனம்.

டர்பன் தோட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். 1849-ல் கரும்பு, காப்பி போன்ற பயிர்களைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கிய இடம் அது. அந்தக் கரும்புத் தோட்ட வேலைக்காகத்தான் 1860-ல் மதராஸிலிருந்து இந்தியக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் போனது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது, டிக்கெட் என்று எவராவது காசு கேட்டால் தராதீர்கள். வுடியை மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஆள் உயரத்தைத் தாண்டும் கரும்பச்சை மட்டைகள் குடைபோல வளைந்து இறங்கும். கூம்பு விட்ட சமயமாக இருந்தால் நடுவில் ஆரஞ்சு மஞ்சள் நிறத்தில், முழங்கையைவிட நீளமாக நிற்கும். பெயர்ப்பலகையும் விழும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள்.