எல்லாமே பச்சை என்றால் கவலைப்படுங்கள்

கேள்வி: 4 நாடுகளில் இருக்கும் 18 பேர் கொண்ட டீமுக்குத் தலைவியாகி எட்டு மாதம் ஆகிறது. வாராந்திர வீடியோ மீட்டிங்கில் எல்லாரும் "நன்றாகப் போகிறது" என்கிறார்கள். கெடு நெருங்கும்போதுதான் வேலை பாதியில் நிற்பது தெரிகிறது. பெரிய நிறுவனத் தலைவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பதில்: இதைப் படித்ததும் 2006-ல் ஃபோர்டு நிறுவனத்தில் நடந்ததுதான் நினைவுக்கு வந்தது. போயிங்கிலிருந்து வந்து, அந்த ஆண்டு செப்டம்பரில் தலைமைப் பொறுப்பேற்றார் ஆலன் முலாலி. வியாழன்தோறும் மூத்த அதிகாரிகளோடு ஒரு கூட்டம். வேலை ஒழுங்காக நடந்தால் பச்சை, சிக்கல் வரும்போல இருந்தால் மஞ்சள், மாட்டிக்கொண்டால் சிவப்பு. ஆரம்பத்தில் எல்லாருமே பச்சைதான் காட்டினார்கள். அந்த ஆண்டு ஃபோர்டுக்கு நஷ்டமோ 1,200 கோடி டாலருக்கும் மேல்!

அப்புறம் ஒரு வாரம், அமெரிக்கப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த மார்க் ஃபீல்ட்ஸ் சிவப்பைக் காட்டினார். கனடாவின் ஓக்வில் ஆலையில் தயாரான 'எட்ஜ்' வண்டியின் பின்கதவில் கோளாறு. வெளியீட்டையே நிறுத்தி வைத்திருந்தார். அறை அமைதியானது. முலாலி கைதட்டினார். இதில் யார் உதவ முடியும் என்று கேட்டார். மற்ற பிரிவினர் உடனே கைகொடுத்தார்கள். சில வாரங்களில் மற்றவர்களிடமிருந்தும் மஞ்சளும் சிவப்பும் வர ஆரம்பித்தன. 2014-ல் முலாலிக்குப் பின் தலைவரானவர் அதே ஃபீல்ட்ஸ்தான்.

கைதட்டலைவிட அவர் கேட்ட கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஏனென்றால் அந்த இடத்தில் நான் தவறியிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில், வேறு நாட்டிலிருந்து ஒரு பொறியாளர் தயங்கித் தயங்கி, சோதனை முடிவு சரியில்லை, மூன்று வாரம் தள்ளிப்போகும் என்றார். "இதை ஏன் முன்னாடியே சொல்லவில்லை?" என்றேன், அத்தனை பேர் முன்னால். குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆனாலும் அதன்பிறகு அந்த அலுவலகத்திலிருந்து ஒரு கெட்ட செய்தியும் எனக்கு வரவில்லை. அடுத்த பெரிய கோளாறு வாடிக்கையாளர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இன்றும் மனதை உறுத்துகிறது.

"எப்படிப் போகிறது?" என்று கேட்டால் "நன்றாக" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எது சிக்கியிருக்கிறது, யார் உதவி வேண்டும்?" என்று கேளுங்கள். முதல் சிவப்பு உங்களுடையதாக இருக்கட்டும். பலர் முன்னிலையில் மேலதிகாரியிடம் 'முடியாது' என்பதையே மரியாதைக் குறைவாக நினைப்பவர்கள் உண்டு. அவர்களிடம் முந்தைய நாளே தனியாகப் பேசிவிடுங்கள். மீட்டிங் நேரத்தையும் பாருங்கள். எப்போதும் நள்ளிரவில் உட்காருகிறவர் சீக்கிரம் முடியட்டும் என்றே 'சரி' சொல்லிவிடுவார்.

கேள்வி: தீர்வு இல்லாமல் சிக்கலை மட்டும் கொண்டுபோனால் என் மேலாளருக்குப் பிடிப்பதில்லை. என்ன செய்ய?

பதில்: ஃபீல்ட்ஸ் சிவப்பைக் காட்டியபோதும் கோளாறு தீர்ந்திருக்கவில்லை. தெரிந்தது இது, தெரியாதது இது, மறுபடி இந்தத் தேதியில் சொல்கிறேன் என்று அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட்டு, அப்புறம் நேரில் போங்கள்.