பாம்பாடும் சோலைக்குக் கொடைக்கானல் வழியாகக் கார் போகுமா?

கேள்வி: திண்டுக்கல்லில் இருந்து எழுதுகிறேன். நான், மனைவி, 8 வயது மகள், 68 வயது அம்மா என நான்கு பேர். கூட்டமில்லாத தேசியப் பூங்காவாகப் பார்க்க ஆசைப்பட்டு, கேரளாவில் மூணாறு பக்கம் இருக்கும் பாம்பாடும் சோலையைத் தேர்ந்தெடுத்தோம். கார் என் மைத்துனருடையது. கொடைக்கானல், பேரிஜம் வழியாகப் போனால் பக்கம் என்றும், அதற்கு 6,000 ரூபாயில் ‘ஸ்பெஷல் பாஸ்’ எடுத்துத் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். ஒரு ட்ரெக்கிங்கும் உண்டாம். பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அப்படி ஒரு பாஸ் கிடையாது.

மேப்பில் கொடைக்கானலில் இருந்து, பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் டாப் ஸ்டேஷன் வரை ஒரு கோடு தெரியும். அது ஒரு காலத்தில் நிஜமாகவே இருந்த சாலை, ‘எஸ்கேப் ரோடு’ என்பார்கள். 1990-லேயே பொதுப் போக்குவரத்துக்கு மூடிவிட்டார்கள். இன்று பேரிஜம் ஏரி வரைக்கும் வனத்துறை அனுமதியோடு போய்த் திரும்பலாம், அவ்வளவுதான். அதற்கு அப்பால் சுற்றுலா வண்டிக்கு வழியில்லை.

சில வருடங்களுக்கு முன் பேரிஜம் பக்கம் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். அப்பா கையில் ஒரு ஜெராக்ஸ் தாள். அதில் வட்ட முத்திரை, பேனாவில் எழுதிய வண்டி எண். காவலர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, முத்திரையில் இருந்த எழுத்தைப் படித்துக் காட்டினார். வனத்துறை முத்திரையே இல்லை அது. மதியம் மூன்று மணி, பின் சீட்டில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. புரோக்கரின் போன் அணைந்திருந்தது. அதிலிருந்து இந்தப் ‘பாஸ்’ என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, எந்த அலுவலகத்தில் எவ்வளவு கட்டணம் என்று இரு மாநிலத் துறைகளும் சேர்ந்து தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பலகையில் எழுதி வைத்தால் பாதிப் பேர் ஏமாற மாட்டார்கள். இத்தனை வருடத்தில் இதைச் செய்ய என்ன கஷ்டம்?

நீங்கள் போக வேண்டிய வழி: வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு. போடிமெட்டு ஏறும்போது 17 கொண்டை ஊசி வளைவுகள். அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். இரவு மூணாறில் தங்கி, காலையில் கிளம்புங்கள். மாட்டுப்பட்டி, குண்டளை தாண்டி 32 கிலோமீட்டரில் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து வட்டவடை என்ற மலைக் கிராமத்துக்குப் போகும் சாலையே பாம்பாடும் சோலைக்குள்தான் போகிறது. செக்போஸ்டில் வண்டி எண்ணைச் சொல்லிவிட்டுப் போகலாம். ‘உங்கள் காரை உள்ளே விட மாட்டார்கள், ஜீப் எடுங்கள்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பஸ்ஸே ஓடுகிற சாலை அது.

பூங்கா மிகச் சிறியது, 1.32 சதுர கிலோமீட்டர்தான். யானைச் சவாரி, ஜீப் சஃபாரி என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போய்ப் பாருங்கள். குள்ளமாக, முறுக்கிக்கொண்டு நிற்கும் மரங்கள், கிளை முழுக்கப் பாசி, பகலிலேயே அந்தி மாதிரி ஒரு வெளிச்சம். நீலகிரி மார்ட்டின் என்ற அபூர்வப் பிராணி, தொண்டையில் மஞ்சள் பட்டையோடு, ரோட்டைக் குறுக்கே தாண்டினாலும் தாண்டும். காட்டுக்குள் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது. உள்ளே நடக்கவோ தங்கவோ ஆசை என்றால் கேரள வனத்துறையின் மூணாறு வனவிலங்குப் பிரிவில் நேராகப் பதிவு செய்யுங்கள். துறையின் ரசீது கையில் வர வேண்டும். தனி ஆள் நம்பருக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ட்ரெக்கிங் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மலை இதே மலைத்தொடர்தான். துறையின் வழிகாட்டி கூட வராத நடைப்பயணத்துக்கு, அதுவும் கோடையில், குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகவே கூடாது.

கார் மைத்துனர் பெயரில் இருப்பது பற்றிக் கவலைப்பட வேண்டாம். வெள்ளை போர்டு சொந்த வண்டிக்கு எல்லையில் தனி பர்மிட் தேவையில்லை. ஓட்டுபவர் உரிமையாளராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், உங்கள் லைசென்ஸ் இருந்தால் போதும். ஆனால் மைத்துனருக்கு வாடகை என்று காசு கொடுத்தால் கதை மாறும். டீசல் போட்டுக் கொடுப்பது வேறு, நாள் வாடகை பேசுவது வேறு. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கைவிரித்துவிடலாம். மைத்துனரிடம் கணக்குப் பேசாதீர்கள், தெரிந்தவரின் வெள்ளை போர்டு காரை ‘வாடகைக்கு’ எடுக்கவும் எடுக்காதீர்கள். வாடகை என்றால் மஞ்சள் போர்டு, அல்லது நாமே ஓட்டும் கருப்பு போர்டு வண்டி மட்டும்.

இன்னொன்று, கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். அது இலவசம், போனிலேயே எடுக்கலாம். அதற்கும் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வழி கொடைக்கானலைத் தொடாததால் அது உங்களுக்குத் தேவையே இல்லை.

டீசலை மூணாறிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதில் எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், எஞ்சினை அணைக்காமல், தூரத்திலேயே நின்று அது ஒதுங்கும்வரை காத்திருங்கள். வட்டவடையில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. அம்மா அங்கே படிப்படியான வயல்களைப் பார்த்தபடி டீ குடித்துவிட்டு, அந்த ஊர்ப் பூண்டில் இரண்டு கிலோ வாங்கிக்கொள்ளட்டும். இருட்டுவதற்குள் மூணாறு திரும்பிவிடுங்கள்.