மருத்துவக் காப்பீடு கேள்வி-பதில்: அறை வாடகை வரம்பைத் தாண்டினால் ஆபரேஷனுக்குத் தரும் பணமும் ஏன் குறைகிறது?

அப்பாவுக்கு 68 வயது. 65-ஐத் தாண்டியவருக்கு மருத்துவ பாலிசி கிடையாது என்கிறார் ஏஜென்ட். உண்மையா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

இல்லை. அந்த வயது வரம்பு 2024 ஏப்ரலோடு போய்விட்டது. உடல்நிலையைப் பார்த்து ஒரு கம்பெனி மறுக்கலாம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன்னால், உங்கள் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்தானா என்று பாருங்கள். அப்படியென்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. பிரீமியம் கட்ட வேண்டாம். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்துக்குப் போங்கள்.

பாலிசி எடுத்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் பிரித்துப் படிக்கவில்லை. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்யப் போகிறோம், பணம் வருமா?
– வாசகர், பெரம்பூர்

பெரும்பாலும் வராது. கண்புரைக்கு 24 மாதம் காத்திருக்க வேண்டும் என்றுதான் அநேகமாக எல்லா பாலிசியிலும் போட்டிருக்கும். பிடிக்காத பாலிசியைத் திருப்பிக் கொடுக்க 30 நாள் தருகிறார்கள். அதை உறையைக்கூடப் பிரிக்காமல் கழித்துவிட்டீர்கள். இன்றைக்காவது படியுங்கள்.

ஆறு வருடமாக ஒரே பாலிசியை விடாமல் கட்டுகிறோம். அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்தோம். சர்க்கரை நோயை மறைத்துவிட்டதாகச் சொல்லி கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். ஏஜென்டிடம் சொல்லித்தான் எடுத்தோம். படிவத்தில் 'இல்லை' என்று எழுதியது அவர்தான்.
– வாசகி, வியாசர்பாடி

கையெழுத்து உங்கள் அண்ணனுடையது என்று கம்பெனி சொல்லும். சொல்லட்டும். தொடர்ந்து 60 மாதம் கட்டிய பாலிசியில், நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி கிளெய்மை மறுக்கக் கூடாது; மோசடி என்று நிரூபித்தால்தான் மறுக்கலாம். முன்பு இது எட்டு வருடமாக இருந்தது. 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஐந்தாகக் குறைத்தது. இடையில் காப்பீட்டுத் தொகையைக் கூட்டியிருந்தால், கூட்டிய தொகைக்கு மட்டும் அந்தத் தேதியிலிருந்து எண்ணுவார்கள்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் தேனாம்பேட்டையில் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், 50 லட்சம் வரை தீர்ப்பு சொல்லலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போயாக வேண்டும். தாமதிக்காதீர்கள். நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், கேட்டு வாங்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

3 லட்சம் பாலிசி. மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ஒரு நாளைக்கு 3,000 வரைதான் அறை வாடகை என்பது தெரியாமல் 6,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருந்தோம். கூடுதல் 12,000 தானே? 1,80,000 பில்லில் 60,000 வெட்டிவிட்டார்கள். இதையெல்லாம் அரசாங்கம் கேட்காதா?
– வாசகர், தண்டையார்பேட்டை

இந்த வெட்டு எனக்கும் விழுந்திருக்கிறது. பல வருடம் முன்பு வங்கியில் கடன் வாங்கப் போன இடத்தில் கையோடு ஒரு பாலிசியை எடுத்தேன். காப்பீட்டுத் தொகை 2 லட்சம், அறைக்கு நாளொன்றுக்கு அதில் ஒரு சதவீதம். 2,000 ரூபாய்க்கு அறை தரும் மருத்துவமனை எது என்று அப்போது யோசிக்கவில்லை. அம்மாவைச் சேர்த்தபோதுதான் புரிந்தது.

கணக்கு இதுதான். உங்களுக்கு அனுமதி 3,000, எடுத்தது 6,000, அதாவது பாதி. அதனால் அறை, டாக்டர், ஆபரேஷன் தியேட்டர் எல்லாவற்றிலும் பாதிதான் தருவார்கள். மருந்து, பரிசோதனை, உடம்புக்குள் வைக்கும் கருவி, ஐசியு கட்டணம் ஆகியவற்றில் இந்த விகிதத்தில் வெட்டக் கூடாது. மருத்துவமனை அறைக்கு அறை வேறு கட்டணம் வாங்காத இடமாக இருந்தால் டாக்டர் கட்டணத்தில்கூட வெட்டக் கூடாது. 2020-இலேயே ஆணையம் சொன்னது இது. எந்த அறை என்றாலும் ஒரே ஆபரேஷன் கட்டணம்தானா என்று மருத்துவமனையிடம் எழுதி வாங்குங்கள். ஆமாம் என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

அரசாங்கம் கேட்காதா என்றீர்கள். காப்பீட்டுக் கம்பெனியைக் கேட்க ஹைதராபாத்தில் ஆணையம் இருக்கிறது. கேஷ்லெஸ் அனுமதி, அதாவது நாம் கட்டாமல் கம்பெனியே மருத்துவமனைக்குக் கட்டச் சம்மதிப்பது, ஒரு மணி நேரத்தில், டிஸ்சார்ஜ் அனுமதி மூன்று மணி நேரத்தில் என்று 2024-இல் விதி போட்டது. மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் மருத்துவமனை வாங்கும் கூடுதல் பணம் கம்பெனி தலையில். நல்ல விதிதான். ஆனால் அந்த ஆணையத்துக்கு மருத்துவமனை மேல் அதிகாரம் கிடையாது. நம் மாநிலத்தில் 1997-இலிருந்து மருத்துவ நிறுவனங்களுக்கான சட்டம் இருக்கிறது. அது பதிவையும் வசதிகளையும் பார்க்கிறது. ஆபரேஷனுக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று சொல்வதில்லை. ஒரே ஆபரேஷனுக்கு அறையைப் பொறுத்து ஒரு விலை என்றால், கத்தியும் கையும் அதேதானே? பில் ஏறினால் அடுத்த வருடம் பிரீமியமும் ஏறும், இரண்டையும் நாம்தான் கட்டுகிறோம்.

முடியாத காரியமா இது? 2017-இல் மத்திய அரசு ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. 2020 ஜூனில் கொரோனா சிகிச்சைக்குத் தமிழக அரசே தனியார் மருத்துவமனைகளுக்குக் கட்டணம் நிர்ணயித்தது, ஐசியு நாளுக்கு 15,000 வரை. அன்றைக்கு முடிந்தது இன்றைக்கும் முடியும். உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டிய கேள்வி இது. நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆணையத்திலிருந்து பேசுகிறோம், பழைய பாலிசிக்கு போனஸ் வந்திருக்கிறது, 5,000 கட்டுங்கள் என்று போன் வந்தது.
– வாசகர், காசிமேடு

ஆணையம் போனஸ் தராது, பாலிசியும் விற்காது. கட்டாதீர்கள். கட்டியிருந்தால் இப்போதே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அம்மாவுக்கு 72 வயது. புதுப்பிக்கும்போது பிரீமியத்தை 30 சதவீதம் ஏற்றிவிட்டார்கள்.
– வாசகி, திருவொற்றியூர்

60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் ஆணையத்தைக் கலந்துகொண்டுதான் ஏற்ற வேண்டும். 2025 ஜனவரி உத்தரவு. கலந்துகொண்டீர்களா என்று கம்பெனிக்கு மெயில் போடுங்கள், நகலை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகாராக ஏற்றுங்கள். போன் என்றால் 155255. அப்புறம் ரசீதைப் பாருங்கள்: தனிநபர் மருத்துவ பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. அந்தப் பதினெட்டு சதவீதம் இன்னும் ரசீதில் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். ஆனால் கோபத்தில் புதுப்பிக்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். 72 வயதில் முதலிலிருந்து காத்திருப்புக் காலத்தைத் தொடங்க வேண்டாம்.