சர்வர் அறைச் சாவி கைமாறிய பிறகு

ஒரு நிறுவனத்தின் மொத்தக் கணினி அமைப்புக்கும் வரைபடம் போடுகிற எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் வேலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஓட்டியவன் நான். முதல் பாதி, சர்வரை விலைக்கு வாங்கிய காலம். மறுபாதி, கிளவுடில், அதாவது வேறொரு நிறுவனத்தின் கணினிகளை இணையம் வழியே, வாடகைக்கு எடுக்கும் காலம். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் ரயிலில் போய்வந்தே பாதி ஆயுள் கழிந்தது. நம் குமரி மாவட்டத்து நண்பர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (தக்கலை, கல்லூரி மாணவி): சார், எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் நிரல் எழுதுவாரா?

பதில்: பெரும்பாலும் எழுதமாட்டார், எழுதத் தெரிந்திருந்தால் நல்லது. பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாய் கால்வாயாகப் பிரிந்து வயலுக்குப் போகிறதல்லவா? எந்த மடையைத் திறந்தால் எந்தக் கடைமடை காயும் என்று தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். ஒரு முந்திரி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குக்கு ஒரு மென்பொருள், கிடங்குக்கு ஒன்று, ஏற்றுமதி ஆவணத்துக்கு ஒன்று என்று இருக்கும். ஒரே வாடிக்கையாளரின் பெயர் மூன்றிலும் மூன்று விதமாகப் பதிவாகியிருக்கும். ஒன்றைத் தொட்டால் மற்றது எங்கே இடறும் என்று முன்கூட்டிச் சொல்வதே அவர் வேலை. ஐபிஎம்மில் இருந்த ஜான் சாக்மேன் 1987இல் எழுதிய கட்டுரை இந்தத் துறைக்கு ஓர் உருவம் கொடுத்தது. 1995இல், இந்த வரைபடங்களை எப்படிப் போடுவது என்று சொல்லும் டோகாஃப் என்ற வழிமுறைத் தொகுப்பு வந்தது. அதன் பிறகு படம் வரைவதுதான் வேலை என்று பலர் நினைத்துக்கொண்டார்கள், என்னையும் சேர்த்து.

கேள்வி (மார்த்தாண்டம், சர்வர் பராமரிப்பில் பதினோரு ஆண்டுகள்): கிளவுட் வந்த பிறகு உங்கள் அதிகாரம் போய்விட்டது என்கிறார்களே, உண்மையா அண்ணா?

பதில்: உண்மைதான் தம்பி, ஒளிக்க ஒன்றுமில்லை. முன்பு ஒரு சர்வர் வேண்டுமென்றால் மூன்று கொட்டேஷன், கொள்முதல் குழு, என் கையெழுத்து என்று மூன்று மாதம் ஆகும். அந்தக் கையெழுத்துதான் என் அதிகாரம். 2006 மார்ச்சில் அமேசான் சேமிப்பிடத்தை வாடகைக்கு விட்டது. ஆகஸ்டில் கணினியையே மணிக்கு பத்து அமெரிக்க சென்ட் என்று விட ஆரம்பித்தது. கடன் அட்டை வைத்திருக்கும் எவரும் பத்து நிமிடத்தில் சர்வர் தொடங்கலாம் என்றானபின், என் கையெழுத்துக்காக யார் காத்திருப்பார்கள்?

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்தது இது. நிறுவனத்துக்கு நான்கு கிளவுட் கணக்குகள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். நிதிப் பிரிவு செலவுச் சீட்டுகளைக் கிளறியபோது பத்தொன்பது கிடைத்தன. அவற்றில் ஒன்றில், சோதனைக்காக என்று வாடிக்கையாளர் பட்டியலின் முழு நகல் கடவுச்சொல் கூட இல்லாமல் கிடந்தது. அன்று மேலதிகாரிகள் சொன்ன முதல் யோசனை, எல்லாவற்றையும் தடை செய்யுங்கள் என்பது. தடை செய்தால் இருபதாவது கணக்கு எங்கள் கண்ணுக்கே படாமல் முளைக்கும் என்று வாதாடினேன். கடைசியில் முன்கூட்டியே தயாரித்த கணக்குகளைக் கேட்பவருக்கெல்லாம் கொடுத்தோம். தரவு குறியாக்கம், அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது, தானாகவே நடக்கும். யார் என்ன செய்தார் என்ற பதிவு தானாக ஓடும். செலவு வரம்பைத் தாண்டினால் குழுத் தலைவருக்கு மின்னஞ்சல் போகும். இந்த வழியில் வருபவருக்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. விலகிப் போக விரும்புபவர் மட்டும் என்னிடம் வந்து காரணம் சொல்ல வேண்டும். ஓராண்டில் அப்படி வந்தவர்கள் ஐந்து பேர். அதில் மூவர் சொன்ன காரணம் நியாயமாக இருந்தது. எங்கள் விதிகளைத்தான் திருத்திக்கொண்டோம்.

கேள்வி (நாகர்கோவில், சொந்த வணிகம்): எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றினால் செலவு குறையுமா?

பதில்: இருப்பதை அப்படியே தூக்கி வைத்தால் பெரும்பாலும் கூடும். முப்பந்தல் காற்றாலையை நினைத்துப் பாருங்கள். ஆனி, ஆடியில் சுழல்வது போல மார்கழியில் சுழலாது. உங்கள் வேலைப்பளுவும் அப்படி ஏறி இறங்கினால் வாடகை லாபம். ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடினால் சொந்த இயந்திரம் மலிவாக முடியலாம். கோப்புகளை இணையத்தில் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ் நிறுவனம், பெரும்பாலான கோப்புகளை அமேசானிலிருந்து தன் சொந்தத் தரவு மையங்களுக்கு மாற்றிவிட்டதாக 2016இல் அறிவித்தது.

ஆனால் எளிதில் மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு. சோதனை சர்வர் மாதம் முழுக்க ஓடினால் 720 மணி நேரம். அலுவலக நேரத்தில் மட்டும், நாளுக்கு 10 மணி, 22 நாள் என்றால் 220 மணி. இரவிலும் விடுமுறை நாளிலும் அணைக்க ஆள் வைத்தாலே அந்த சர்வரின் மணிக்கணக்கு வாடகை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வரும். எங்கள் வீட்டு மோட்டாரை அணைக்க மறந்தால் என் அம்மா கத்துவார். அலுவலகத்தில் அந்த வேலையை நான் செய்கிறேன்.

கேள்வி (குளச்சல்): ஒக்கி போல இன்னொரு புயல் வந்தால் கிளவுட் காப்பாற்றுமா?

பதில்: 2017 நவம்பர் 30க்குப் பிறகு இங்கே பல நாட்கள் மின்சாரம் இல்லை. அலுவலக மூலையில் சர்வர் வைத்திருந்தவர்கள் டீசலுக்கு அலைந்தார்கள். தரவு மும்பையிலோ ஹைதராபாத்திலோ இருந்தால் அது பிழைக்கும். நீங்கள் வேறு ஊரில் உட்கார்ந்து வேலையைத் தொடரலாம். அதற்காகக் கண்ணை மூடி நம்பவும் வேண்டாம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஒவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தது. வேறிடத்தில் நகல் வைக்காதவர்களில் சிலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். எத்தனை மணி நேரம் தொழில் நின்றால் தாங்கும், எத்தனை நிமிடத் தரவு போனால் பொறுக்கும் என்ற இரண்டு கேள்விக்கும் முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது ஆர்க்கிடெக்டின் பொறுப்பு.

கேள்வி (கருங்கல், நிதி நிறுவன ஊழியர்): தரவு எந்த நாட்டில் இருந்தால் என்ன?

பதில்: பணப் பரிமாற்றத் தரவு இந்தியாவுக்குள்தான் சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. கிளவுடில் தரவு எந்த நாட்டு மையத்தில் இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஒரு சொடுக்கு தவறினால், சட்டச் சிக்கலாகிவிடும்.

கேள்வி (குலசேகரம்): ஒரே கிளவுட் நிறுவனத்திடம் சிக்கிக்கொள்ள மாட்டோமா?

பதில்: உங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. வாழை வைத்தால் அடுத்த ஆண்டே மனம் மாறலாம். ரப்பர் வைத்தால் பால் வெட்டவே ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். சாதாரண சர்வரும் கோப்புச் சேமிப்பும் வாழை. ஒரு நிறுவனத்துக்கே உரிய தரவுத்தளத்தில் தொழிலைக் கட்டினால் அது ரப்பர். முற்றிலும் வெளியேறுபவருக்குத் தரவை வெளியே எடுக்கும் கட்டணம் இல்லை என்று கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2024இல் அறிவித்தன. ஆனால் கட்டிப்போடுவது அந்தக் கட்டணம் அல்ல, மாற்றி எழுத வேண்டிய நிரல்தான். ரப்பர் நடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நடும்போது எதைத் தேர்ந்தோம், எதை விட்டோம், ஏன் என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். இப்போது நான் வாழை விஷயங்களில் தலையிடுவதே இல்லை.

கேள்வி (திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு ரயிலில் போகும் தம்பி): இந்த வேலைக்கு வர எந்தச் சான்றிதழ் படிக்கலாம் அண்ணா?

பதில்: ஏதாவது ஒன்றைப் படி, நேர்முகத் தேர்வுக்கு உதவும். அதற்கு முன் உன் குழுவின் கடந்த மாத கிளவுட் பில்லைக் கேட்டு வாங்கு. அதில் பெரிய மூன்று தொகைகள் எதற்கு என்று, பாறசாலை ஸ்டேஷன் வருவதற்குள் உன்னால் சொல்ல முடிகிறதா பார்.