கேட் போட்ட நேரம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் தாய்லாந்து போயிருந்தேன். அயுத்தயாவில் ஒரு நாள் முழுக்க வாடகை சைக்கிளில் சுற்றினேன். ஐம்பது பாட் வாடகை. காலையில் எடுத்து மாலையில் திருப்பிக் கொடுத்தேன். இடிந்த கோயில்கள், தலையில்லாத புத்தர்கள், மர வேர்களுக்கு நடுவே சிக்கிய ஒரு புத்தர் முகம். காலம் உறைந்து நிற்பது போல இருந்தது. வட சென்னையையும் இப்படி ஒரு நாளில் பார்த்தால் என்ன என்று தோன்றியது. பாரிமுனை முதல் எண்ணூர் வரை முப்பத்தொரு இடங்களை வரைபடத்தில் குறித்திருக்கிறேன். பத்து மணி நேரத்தில் முடிக்கலாமா? எந்த வரிசையில் போவது? வாடகை சைக்கிள் எங்கே கிடைக்கும்? அந்தப் பக்கம் தனியாகப் போகாதே, பாதுகாப்பில்லை என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். இவ்வளவு வரலாறு இருந்தும் ஏன் எதையும் பராமரிப்பதில்லை?

ஆர்., சோழிங்கநல்லூர்

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் நான் ரயில்வே கேட்டில் நின்றிருந்தேன். சரக்கு வண்டி ஒன்று வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு தூரத்தில் நின்றது. பள்ளிச் சீருடையில் ஒரு பையன், சைக்கிளைச் சாய்த்து கேட் கட்டைக்கு அடியில் நுழைத்து, தானும் பின்னாலேயே குனிந்து போனான். நான் கத்தினேன். அவன் திரும்பிப் பார்த்து, "டைம் ஆச்சு பெரியப்பா" என்று சொல்லிவிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்விட்டான். நாள் முழுக்க அந்தக் குரல் காதிலேயே இருந்தது. இரவில் உங்கள் கடிதத்தைத் திறந்தால், "பத்து மணி நேரத்தில் முடிக்கலாமா?"

அதனால்தான் பதில் எழுதுகிறேன். இல்லையென்றால் இந்த மாதிரிக் கடிதங்களை நான் எடுத்து ஓரமாக வைத்துவிடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் பாதுகாப்பு. உங்கள் நண்பர்கள் சினிமா அதிகம் பார்க்கிறார்கள். எங்கள் பக்கம் பயப்பட வேண்டியது கன்டெய்னர் லாரிக்கு மட்டும்தான். அதற்கு நாங்களும் பயப்படுகிறோம். கடலோரம் எண்ணூர் போகிற பெரிய சாலையில் சைக்கிளை இறக்காதீர்கள். இதற்கு மேல் இந்தப் பேச்சு வேண்டாம்.

அடுத்தது முப்பத்தொரு இடம். வகுத்துப் பார்த்தேன். ஓர் இடத்துக்கு இருபது நிமிடம்கூட வரவில்லை, அதற்குள்ளேயே சைக்கிளும் மிதிக்க வேண்டும். கரண்ட் மீட்டர் கணக்கெடுக்க வருகிறவர்கூட எங்கள் தெருவில் ஒரு வீட்டிலாவது உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். தம்பி, நீங்கள் ஊர் பார்க்க வருகிறீர்களா, ஊரை டிக் அடிக்க வருகிறீர்களா?

அயுத்தயாவில் காலம் உறைந்திருந்தது என்கிறீர்கள். 1767-இல் பர்மியப் படை அந்த நகரத்தை எரித்தது. மிஞ்சியவர்கள் ஆற்றோடு தெற்கே போய் வேறு தலைநகரம் அமைத்துக்கொண்டார்கள். நானூறு வருடத் தலைநகரம் காலியானது. நீங்கள் காற்று வாங்கிக்கொண்டு சைக்கிள் விட்டீர்களே, அந்த வெற்றிடமெல்லாம் ஆள் இருந்த இடம். அதே 1767-இல் திப்புவின் குதிரைப்படை மதராஸின் ஓரம் வரை வந்து போனது. இரண்டு வருடம் கழித்து ஹைதர் அலியே வந்து நின்றார். பயந்துபோன கிழக்கிந்தியக் கும்பினி, கோட்டைக்கு வெளியே நம்மவர்கள் குடியிருந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பியது. பால் பென்ஃபீல்டு என்பவர் அதற்குக் கான்ட்ராக்டர். சுவருக்கான செலவை ஊர்க்காரர்களிடம் வரியாக வாங்கப் பார்த்தார்கள். நடக்கவில்லை. வரி போய்விட்டது, வால்டாக்ஸ் ரோடு, அதாவது சுவர் வரிச் சாலை என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. பழைய ஜெயில் ரோடு பக்கம் எஞ்சிய சுவரின் மேலே மாடிப் பூங்கா என்று ஒன்று உண்டு. படியேறிப் போய் சுவர் எங்கே சுவர் எங்கே என்று தேடுவார்கள். காலுக்கு அடியில் இருப்பதுதான் சுவர். இங்கே யாரும் ஊரைக் காலி செய்துகொண்டு போகவில்லை. ஏன் பராமரிக்கவில்லை என்று கேட்டீர்கள். குடியிருக்கிற வீடும் பூட்டிக் கிடக்கிற வீடும் ஒரே மாதிரி இருக்குமா?

சரி, வரிசை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு பீச் ஸ்டேஷனில் தொடங்குங்கள். அரண்மனைக்காரன் தெரு. அங்கே அரண்மனை கிடையாது, அர்மீனியன் என்ற சொல் நம் நாக்கில் புரண்டு அப்படி ஆனது. 1772-இல் அர்மீனிய வணிகர்கள் திருப்பிக் கட்டிய தேவாலயம் இருக்கிறது. அங்கிருந்து தங்கசாலைத் தெரு வழியாக ஏழுகிணறு. கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோகத் தோண்டியவை, அதுவும் 1772 தான். அங்கே வீராசாமித் தெருவில்தான் வள்ளலார் இருந்தார். அங்கிருந்து திருவொற்றியூர் வரை நடந்தே போய் வடிவுடையம்மனைப் பாடிவிட்டு நடந்தே திரும்புவார். அவர் சென்னையை விட்டுக் கிளம்பியது 1858 வாக்கில். ரயில் வந்தது 1856-இல். கடைசி ஒன்றிரண்டு வருடம் அவரும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். கேட் போட்டிருந்தால் நின்றிருப்பார்.

அப்புறம் ராயபுரம் ஸ்டேஷன். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. நாட்டில் இன்னும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் மூத்தது அது. தூணும் வளைவுமாக அழகாக இருக்கும். உங்கள் பட்டியலிலும் இருக்கும். எல்லோரும் அந்தத் தூண்களுக்கு முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். அந்தத் தண்டவாளம் அப்புறம் எங்கே போகிறது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

எங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறது.

நான் கொருக்குப்பேட்டைக்காரன். சென்ட்ரலிலிருந்து வரும் பாதையும் பீச்சிலிருந்து ராயபுரம் வழியாக வரும் பாதையும் எங்கள் ஊரில்தான் சேர்கின்றன. அதைத் தாண்டினால் தண்டையார்பேட்டை யார்டு. துறைமுகத்துக்குப் போகிற சரக்கு, வருகிற சரக்கு, விஜயவாடா பக்கம் போகிற எக்ஸ்பிரஸ், கும்மிடிப்பூண்டி லோக்கல் எல்லாம் எங்களைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நாங்கள் அவற்றைத் தாண்டித்தான் ஆக வேண்டும். இந்த ஊரில் கல்யாண முகூர்த்தம் வைக்கிற போதுகூட, "கேட்டுக்கு அரை மணி சேத்துக்கோ" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிரசவ வலி எடுத்த பெண்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், பாடையில் போகிறவர்கள், எல்லோரும் நின்ற இடம் அது. வட சென்னை வரலாறு என்று நீங்கள் குறித்து வைத்த முப்பத்தொரு புள்ளியில் ஒரு கேட்டாவது இருக்கிறதா? இருக்காது. கேட்டை யாரும் இடம் என்று எண்ணுவதில்லை. இரண்டு இடத்துக்கு நடுவில் வீணாகிற நேரம் என்று எண்ணுகிறார்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயதில், 1982 என்று வைத்துக்கொள்ளுங்கள், கேட்டுக்கு இருநூறு அடி முன்னால் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. மணிக்கு ஐம்பது பைசா. கடைக்காரரை நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம், அவருடைய பெயரை நான் கேட்டதே இல்லை. ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை மட்கார்டில் வெள்ளை பெயின்ட்டால் எண் எழுதிய வண்டிகள். அதில் ஏழு மட்டும் இருக்காது. ஏழு எங்கே என்று கேட்டால் பம்பைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அது திருட்டுப் போய்விட்டது, போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கிறது, பேய் பிடித்த வண்டி என்று நாங்களே ஆளுக்கொரு கதை கட்டிக்கொண்டோம்.

அயுத்தயாவில் உங்களிடம் என்ன கேட்டார்கள்? முன்பணமோ பாஸ்போர்ட்டோ கேட்டிருப்பார்கள். பாய் எங்களிடம் கேட்டது "யார் வூட்டுப் புள்ள?" என்ற ஒரு கேள்விதான். நோட்டில் பெயரும் வண்டி எண்ணும் நேரமும் எழுதுவார். ஐந்து நிமிடம் தாண்டினாலும் அடுத்த அரை மணிக்குக் காசு வைத்துவிடுவார். கறார் என்றால் அப்படி ஒரு கறார்.

ஆனால் கேட் போட்ட நேரத்தை அவர் கணக்கில் சேர்க்க மாட்டார்.

கேட் மணி கடை வரைக்கும் கேட்கும். மணி அடித்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் நேரம் எழுதுவார். திறந்ததும் பக்கத்தில் இன்னொரு நேரம். 4.10, 4.35. சாயங்காலத்துக்குள் சுவரில் இப்படி ஏழெட்டு வரி சேர்ந்துவிடும். கேட்டில் மாட்டினேன் என்று சொன்னால் அந்த இருபத்தைந்து நிமிடத்தைக் கழித்துவிடுவார். சும்மா கழிக்க மாட்டார். "இன்னா வண்டி போச்சு? டேங்கரா, பொட்டியா? எத்தினி?" என்று கேட்பார். நின்று பார்த்தவனுக்குத்தான் பதில் தெரியும். அதனால் நாங்கள் எண்ணினோம். எண்ணெய் டேங்கர்கள், உர மூட்டை, கோதுமை, மேலே தார்ப்பாய் போடாத நிலக்கரி. நிலக்கரி வேலையெல்லாம் பின்னால் எண்ணூர்ப் பக்கம் போய்விட்டது, அப்போது எங்கள் கொடியில் காய்கிற வெள்ளைச் சட்டை எல்லாம் கறுப்புதான். இந்த ஊர் எதைத் தின்கிறது, எதில் எரிகிறது என்று எனக்குத் தெரிந்தது பாய்க்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்ததால்தான். பள்ளிக்கூடத்தில் அல்ல.

ஒரு நாள் தண்டையார்பேட்டையில் பாட்டி வீட்டுக்குப் போய்த் திரும்பினேன். கேட் போட்டிருந்தது. டேங்கர் வண்டி பாதையை அடைத்துக்கொண்டு நகர்ந்து போனது, முப்பத்தெட்டு எண்ணினேன். அது போன பிறகும் கட்டை தூக்கவில்லை, அடுத்த வண்டிக்காக வைத்திருந்தார்கள். பொறுமை போய்விட்டது. சாய்த்தேன், நுழைத்தேன், குனிந்து வந்துவிட்டேன். நேரே கடைக்குப் போய், "டேங்கர் பாய், முப்பத்தெட்டு" என்றேன். பாய் சுவரைப் பார்த்தார். 5.20 என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"கேட் இன்னும் தொறக்கலியே. நீ எப்டிடா வந்தே?"

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் காசே வாங்கவில்லை. நோட்டைத் திறந்து என் பெயரை அடித்தார். ஒரு மாதம் எனக்கு வண்டி கிடையாது. அம்மா போய்க் கேட்டும் தரவில்லை. பக்கத்துத் தெருக் கடையில் கேட்டால் அங்கேயும் சொல்லி வைத்திருந்தார். ஐம்பது பைசா வியாபாரத்துக்கு இவ்வளவு வீம்பா என்று அவரை நான் மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை.

தொண்ணூறுகளில் எல்லோர் வீட்டிலும் சைக்கிள் வந்துவிட்டது, அப்புறம் மொபெட் வந்தது. பாய் கடையை எடுத்துவிட்டார். சில வருடம் கழித்து ஒரு டீக்கடையில் அவரைப் பார்த்தேன். பழைய பேச்செல்லாம் பேசிவிட்டு, அந்த ஏழாம் நம்பர் எங்கே பாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"அத்த எடுத்துக்கினு போன புள்ள கேட்ல குனிஞ்சு போச்சு. லேட்டானா நாலணா ஜாஸ்தி கேப்பேன்னு பயம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் கேட்டும் இருப்பேன்" என்றார்.

சாக்பீஸ் அதற்குப் பிறகு வந்ததுதான்.

நீங்கள் கேட்டது எங்கேயோ நின்றுவிட்டது. ராயபுரத்துக்கு அப்புறம் காசிமேடு. மீன் ஏலம் பார்க்க வேண்டுமானால் வரிசையை மாற்றி அங்கே முதலில் போங்கள், வெயில் ஏறிய பிறகு நாற்றம்தான் மிஞ்சும். பிறகு காலடிப்பேட்டை. யார் காலடியும் இல்லை, 1717-இல் கவர்னராக வந்த காலட் நெசவாளர்களைக் குடிவைத்த ஊர். அவர் பெயர் எங்களிடம் இப்படி ஆகிவிட்டது. பிறகு திருவொற்றியூர்க் கோயில், பட்டினத்தார் சமாதி. அதோடு நிறுத்துங்கள். எண்ணூருக்கு இன்னொரு நாள் வாருங்கள், அதற்கு ஒரு நாள் முழுதாக வேண்டும், சைக்கிளும் உதவாது. சாப்பாட்டுக்கு பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ என்கிற நூடுல்ஸ் விற்கிற கடைகள் இருக்கின்றன, பர்மாவிலிருந்து திரும்பிய நம்மவர்கள் கொண்டுவந்தது. வாழைத்தண்டு சூப்பை விட்டுவிடாதீர்கள்.

வாடகை சைக்கிள் கடை எங்கள் பக்கம் இப்போது ஒன்றுகூட இல்லை. என் மகன் கல்லூரிக்குப் போன பிறகு அவனுடைய சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் சும்மா நிற்கிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காற்று அடித்து வைக்கிறேன். பின் பிரேக் சரியாகப் பிடிக்காது, இப்போதே சொல்லிவிட்டேன். திருப்பிக் கொடுக்கிறபோது எந்த கேட்டில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், என்ன வண்டி போயிற்று என்று கேட்பேன்.