மருந்து தோற்றதா, புழுவை நாமே தேர்ந்தெடுத்தோமா?

கேள்வி: ஐயா, என்னிடம் 30 பெட்டை வெள்ளாடுகளும் ஒரு கிடாவும் இருக்கின்றன. 2 மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டுக்கும் தவறாமல் குடற்புழு மருந்து ஊற்றி, அன்றைக்கே புது மேய்ச்சலுக்கு மாற்றிவிடுவேன். அப்படியும் ஒரு குட்டி செத்துவிட்டது. 2 ஆடுகளுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோர்த்துத் தொங்குகிறது. கடைக்காரர் இன்னும் வீரியமான மருந்து இருக்கிறது என்கிறார். வாங்கலாமா?

பதில்: தாடை வீங்கிய 2 ஆடுகளையும் இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஹீமான்கஸ் புழு ரத்தத்தை உறிஞ்சித் தீர்க்கும்போது வருகிற வீக்கம் போலத் தெரிகிறது. நாள் கடத்தினால் பிழைக்காது. புது மருந்து வாங்கும் முன், இப்போதைய மருந்து ஊற்றும் அன்றும் 10 முதல் 14 நாள் கழித்தும் புழுக்கை எடுத்து முட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். முட்டை 95 சதவீதமாவது குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் பட்டியில் வேலை செய்யவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது வேறு. ‘எல்லா ஆட்டுக்கும்’, ‘அன்றைக்கே புது மேய்ச்சல்’. ஒரு காலத்தில் நானும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அது தப்பு.

புழு மருந்துக்குப் பழகிக்கொள்வதில்லை. ஒரு பெண் ஹீமான்கஸ் நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். இத்தனை கோடியில் எங்கோ ஒன்றில் மரபணு தற்செயலாக மாறிப் பிறக்கும். அல்பெண்டசோல் என்கிற குடற்புழு மருந்து புழுவின் உடலில் போய்ப் பிடிக்கிற புரதத்தில் 200ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலே மருந்துக்குப் பிடி கிடைக்காது. மருந்து வரும் முன்பே அப்படிப்பட்ட புழு ஒன்றிரண்டு இருந்திருக்கும். நீங்கள் மற்றதையெல்லாம் கொன்று அதற்கு இடம் விட்டீர்கள். பிறகு முட்டையே இல்லாத மேய்ச்சலுக்கு ஓட்டிப்போய், தப்பிய புழுவின் முட்டையை மட்டும் அங்கே விதைத்தீர்கள். இந்த வகை மருந்துகளில் முதலாவதான தயாபெண்டசோல் 1961இல் வந்தது. 1964இலேயே அதற்கு அடங்காத புழு பதிவாகிவிட்டது.

வீரியமான மருந்து என்கிற பேச்சை நம்பாதீர்கள். அல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் ஒரே குடும்பம். ஒன்றுக்குத் தப்பியது மற்றதற்கும் தப்பும். பெயரை மாற்றி விற்பவருக்கு உங்கள் பட்டியில் என்ன புழு இருக்கிறது என்று தெரியாது. ஆட்டின் எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் குறைத்து ஊற்றுவதும் அதே கேடுதான். வெள்ளாடு பல மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும். எடை போட்டு, வெள்ளாட்டுக்கான அளவை மருத்துவரிடமே கேளுங்கள்.

இனி எல்லா ஆட்டுக்கும் ஊற்றாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டையில், ஆட்டின் கண்ணிமை உட்சவ்வோடு ஒப்பிட்டு ரத்தக் குறைவை அறிய 5 நிறங்கள் இருக்கும்; 1 ரத்தச் சிவப்பு, 5 வெளிறிய நிறம். நல்ல வெளிச்சத்தில் மேலிமையால் கண்ணை மூடி லேசாக அழுத்தி, கீழிமையை இழுத்தால் உட்சவ்வு பிதுங்கித் தெரியும். ரத்தச் சிவப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். 4, 5 என்று வெளுத்திருந்தால் மருந்து. 3 என்றால் குட்டிக்கும் சினையாட்டுக்கும் மட்டும் ஊற்றலாம். மருந்து படாத ஆடுகளின் புழுக்கையில் மருந்துக்கு அடங்கும் புழுவின் முட்டைகளும் விழும். தப்பிய புழு அவற்றோடு கலந்துதான் பெருக முடியும். போன வீரியம் திரும்பாது, மிச்சமிருக்கிற மருந்து கூடுதல் காலம் உழைக்கும். மந்தையில் சில ஆடுகளே பெரும்பகுதிப் புழுவைச் சுமக்கும். திரும்பத் திரும்ப வெளுக்கிற ஆட்டைக் கழித்துவிடுங்கள். அதன் குட்டியையும் பெருக்கத்துக்கு வைக்காதீர்கள்.

அப்படிப் பொறுக்கி எடுத்தாலும் உங்கள் மந்தையில் பலன் முழுதாக நிற்குமா என்பது சந்தேகம். காரணம் அந்த ஒற்றைக் கிடா. எல்லாக் குட்டிக்கும் பாதி மரபணு அதனிடமிருந்தே வருவதால், 31 உருப்படி இருந்தாலும், மரபுக் கணக்கில் உங்கள் மந்தை 4 ஆட்டுக்குச் சமம். அதுகூட முழுதாக இல்லை. புழுவைத் தாங்கும் நல்ல மரபணு ஒரு பெட்டையிடம் ஒற்றைப் பிரதியாக இருந்து, அது 3 குட்டி போட்டால், மூன்றுக்குமே அது போய்ச் சேராமல் இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. சிறிய மந்தையில் நல்லதுகூட இப்படிக் குருட்டுவாக்கில் தொலைந்துபோகும். புழுக்கூட்டமோ லட்சக்கணக்கில் இருக்கிறது. அங்கே தற்செயல் எதையும் எளிதில் அழிப்பதில்லை. அதனால்தான் அது முந்துகிறது.

உறவில்லாத 2 கிடாக்களையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். வந்ததும் மந்தையில் விடாமல் தனியே கட்டி, மருந்து ஊற்றி, புழுக்கையைச் சோதித்து, முட்டை இல்லை என்று தெரிந்த பிறகே விடுங்கள். அதற்கு முன் இப்போதுள்ள கிடாவின் கண்ணிமையைப் பாருங்கள். வெளுத்திருந்தால் அதை இன்றே பிரித்துக் கட்டுங்கள்.